கொத்தனார் நூலும் கம்ப்யூட்டர் அலைன்மென்ட்டும்: வீட்டில் எதுவரை, கடையில் எதற்கு

செங்கோட்டையிலிருந்து புளியரை எஸ் வளைவு ஏறி, ஆரியங்காவு, தென்மலை வழியாகப் புனலூர் வரை அடிக்கடி போய்வரும் காரா உங்களுடையது? மழைக்காலம் முடிந்ததும் முன் டயரின் உள்ளோரத்தைக் கையால் ஒரு முறை தடவிப் பாருங்கள். வெளியோரம் கண்ணுக்குத் தெரியும், உள்ளோரம் தெரியாது. ஸ்டீயரிங்கை முழுதாக ஒரு பக்கம் ஒடித்து நிறுத்திக் குனிந்தால்தான் அது முகம் காட்டும். பலருக்குக் கம்பி வெளியே வந்த பிறகுதான் விஷயமே தெரிகிறது.

காரணம் எளிது. மலைப்பாதையில் பாரவண்டிகள் ஓடிக் குழி விழுகிறது, அதில் மழைநீர் நின்று ஆழத்தை மறைக்கிறது. வளைவில் எதிரே லாரி வரும்போது ஒதுங்கினால் சக்கரம் நேரே அதில்தான் இறங்கும். புனலூர்ப் பக்கம் இந்தக் குழிக்குப் பெயர் ‘கட்டர்’. சாக்கடை என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். அங்குள்ள மெக்கானிக் ‘வண்டி இடத்தோட்டு வலிக்குந்நு’ என்று சொன்னால், இடப்பக்கம் இழுக்கிறது என்று அர்த்தம்.

இழுக்கிறது, டயர் தேய்கிறது, ஸ்டீயரிங் கோணலாக நிற்கிறது. இந்த மூன்றுக்கும் சேர்த்து ‘அலைன்மென்ட் அவுட்’, அதாவது சக்கரங்களின் கோணம் தப்பிவிட்டது, என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். மூன்றுக்கும் காரணம் வேறு வேறாக இருக்கலாம். எது எதனால் என்று பிரித்துத் தெரிந்துகொண்டால், எதை வீட்டு வாசலில் நூல் கட்டிச் சரிசெய்யலாம், எதற்குக் கடைக்குப் போக வேண்டும் என்பது தானே விளங்கும்.

மூன்று கோணம், கையில் இருப்பது ஒன்று

இரண்டு முன் சக்கரங்களையும் மேலிருந்து பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். முன் ஓரங்கள் ஒன்றையொன்று நோக்கி உள்ளே சாய்ந்திருந்தால் டோ-இன், விலகி நின்றால் டோ-அவுட். முன்னாலிருந்து பார்க்கையில் சக்கரத்தின் தலை உள்ளே வெளியே சாய்வது கேம்பர். பக்கவாட்டிலிருந்து பார்க்கையில் சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருப்பது காஸ்டர். வளைவு முடிந்ததும் ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்புகிறதே, அந்த வேலையில் பெரும்பங்கு காஸ்டருடையது.

நம் ஊரில் ஓடும் பெரும்பாலான சிறிய கார்களில், ஸ்டீயரிங் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் கம்பியான டை ராடைத் திருப்பி மாற்றக்கூடியது முன் டோ மட்டும்தான். கேம்பருக்கும் காஸ்டருக்கும் கம்பெனி தனி அட்ஜஸ்ட்மென்ட் வைப்பதில்லை. பின்னால் ஒரே உத்திரமாக இருக்கும் டார்ஷன் பீமிலும் திருப்ப எதுவும் இல்லை. டயரை வேகமாகத் தின்பதும் டோதான். 155/65 ஆர்13 டயரின் விட்டம் சுமார் 532 மி.மீ. அதில் இரு சக்கரமும் சேர்ந்த மொத்த டோ 5 மி.மீ தப்பியிருந்தால், ஒவ்வொரு டயரும் கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட 4.7 மீட்டர் தூரத்துக்குப் பக்கவாட்டில் தரையோடு இழுபடுகிறது. 50 கி.மீ ஓடினால் 235 மீட்டர்.

ஆக, அதிகம் கெடுக்கும் கோணமும் வீட்டில் அளக்க முடிந்த கோணமும் ஒன்றே. ஆனால் சக்கரத்தைத் தாங்கும் உறுப்புகளில் ஆட்டம் இருந்தால், வீட்டில் எடுத்த அளவும் நிற்காது, கடையில் எடுத்த அளவும் நிற்காது.

டயர் என்ன சொல்கிறது

உள்ளங்கையை டயரின் குறுக்கே, முதலில் உள்ளிருந்து வெளியாகவும் பிறகு வெளியிலிருந்து உள்ளாகவும் இழுத்துப் பாருங்கள். ஒரு திசையில் வழுவழுவென்று போய், மறுதிசையில் ரம்பம் போலக் கையில் பிடித்தால் டோ தப்பியிருக்கிறது. வெளியே இழுக்கும்போது பிடித்து, வெளியோரமும் தேய்ந்திருந்தால் டோ-இன் கூடுதல். உள்ளே இழுக்கும்போது பிடித்து, உள்ளோரம் தேய்ந்திருந்தால் டோ-அவுட். ரம்பமே இல்லாமல் ஒரே ஓரம் மழமழவென்று தேய்ந்திருந்தால் சந்தேகம் கேம்பர் மேல் போக வேண்டும். இரண்டு ஓரமும் சமமாகத் தேய்ந்தால் காற்று குறைவாக ஓட்டியிருக்கிறீர்கள். நடுவில் மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். அங்கங்கே குழிகுழியாகத் தேய்ந்தால் ஷாக் அப்சார்பர் போயிருக்கலாம், அல்லது வீல் பேலன்சிங் இல்லை.

80, 90 கி.மீ வேகத்தில் மட்டும் ஸ்டீயரிங் உதறினால் அது பேலன்சிங் வேலை. அலைன்மென்ட்டுக்காகக் காசு கொடுத்தும் உதறல் நிற்கவில்லை என்று வருத்தப்படுவது பெரும்பாலும் இந்தக் குழப்பத்தால்தான்.

ஒரு பக்கம் இழுப்பதற்கும் முதலில் மற்ற காரணங்களைக் கழித்துவிடுங்கள். நான்கு டயரிலும் காற்றைப் பாருங்கள். ஐந்து கி.மீ ஓட்டி நிறுத்தி, டிஸ்க்கில் கை படாமல் இரண்டு முன் ரிம்முக்கும் அருகே கையைக் கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் அனல் வீசினால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஓடும் திசை அம்புக்குறி இல்லாத டயர் என்றால், முன் டயர் இரண்டையும் இடம் வலம் மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் குற்றம் டயருடையது, எந்த அலைன்மென்ட்டும் அதைத் தீர்க்காது.

ஸ்பேனர் எடுக்கும் முன்

டயர் குளிர்ந்திருக்கும்போது, ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுக்குக் காற்று நிரப்புங்கள். டிக்கியில் இருக்கும் மூட்டை முடிச்சுகளை இறக்கிவிடுங்கள். பிறகு ஆட்டம் பார்ப்பது. பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் அணைத்து, முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி ஸ்டாண்டில் உட்காரவையுங்கள். ஜாக்கி தூக்குவதற்கு, தாங்குவது ஸ்டாண்டின் வேலை. ஸ்டாண்ட் இல்லையென்றால் இந்தச் சோதனையை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். செங்கல்லை அடுக்கி அதன்மேல் காரை நிறுத்தவே கூடாது, செங்கல் சொல்லாமல் நொறுங்கும்.

சக்கரத்தைக் கடிகாரத்தின் 3, 9 இருக்கும் இடத்தில் பிடித்து ஆட்டுங்கள். ‘டக் டக்’ என்று ஆட்டம் தெரிந்தால் டை ராடின் வெளிமுனை மூட்டான டை ராடு எண்டு, அல்லது உள்முனை மூட்டான ரேக் எண்டு. 12, 6 இடத்தில் பிடித்து ஆட்டும்போது தெரிந்தால், சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் இரும்புக் கையான லோயர் ஆர்மின் பால் ஜாயின்ட் (பந்து மூட்டு) அல்லது வீல் பேரிங். லோயர் ஆர்ம் புஷ்ஷில் ரப்பர் கிழிந்து இரும்பு நகர்ந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஸ்டீயரிங் திருப்புவதை டை ராடுகளுக்குக் கடத்தும் ரேக்கின் இருபுறமும் உள்ள ரப்பர் உறை (பூட்) கிழிந்திருந்தால் உள்ளே சேறு போயிருக்கும். இவற்றில் எது இருந்தாலும் முதலில் அதை மாற்றுங்கள். ஆட்டத்தோடு எடுத்த டோ அளவு, வண்டி நகர்ந்ததும் வேறாகிவிடும்.

ரிம் நெளிந்திருக்கிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிடலாம். ரிம் ஓரத்துக்குப் பக்கத்தில் ஒரு கம்பியை அசையாமல் நிறுத்திச் சக்கரத்தைச் சுற்றுங்கள். கம்பிக்கும் ரிம்முக்கும் இடையே உள்ள சந்து 1 மி.மீக்கு மேல் கூடிக் குறைந்தால் குறித்துக்கொள்ளுங்கள், அளக்கும்போது இது தேவைப்படும்.

வாட்டமும் காற்றும்

கார் ஷெட் தரையை மழைநீர் வடிவதற்காக வாட்டம் வைத்துத்தான் போட்டிருப்பார்கள். டோ அளப்பதற்கு இலேசான வாட்டம் பெரிய தடையில்லை. கேம்பருக்குத்தான் அது ஆகாது. இடச் சக்கரத்துக்கும் வலச் சக்கரத்துக்கும் இடையே 10 மி.மீ உயர வித்தியாசம் இருந்தாலே, 1300 மி.மீ அகலத்தில் 0.44 டிகிரி பொய் சொல்லும். கொத்தனாரின் டியூப் லெவலால் (தண்ணீர் நிரப்பிய டியூப் மட்டம்) நான்கு சக்கரம் நிற்கும் இடங்களையும் பார்த்துவிட்டு, தாழ்ந்த இடத்தில் தகடோ பலகையோ வைத்துச் சமப்படுத்துங்கள். நெல் உலர்த்தும் சிமென்ட் களம் பக்கத்தில் இருந்தால் அதைவிட நல்ல இடம் கிடைக்காது.

ஆனி ஆடியில் கணவாய் வழியே அடிக்கும் மேல்காற்றில் திறந்தவெளியில் நூல் கட்டவே முடியாது. நூல் வீணைத் தந்தி போல அதிரும், அரை மி.மீ படிக்க முடியாது. அந்த மாதங்களில் சுவர் மறைப்பு உள்ள இடத்தில் அல்லது விடியற்காலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

தேவையான சாமான்கள் அதிகமில்லை. கொத்தனார் நைலான் நூல் 15 மீட்டர். 2 மீட்டர் நீளத்தில் ஒரு இன்ச் சதுர இரும்புக் குழாய் இரண்டு, வளையாததாக. அரை மி.மீ கோடு போட்ட 30 செ.மீ ஸ்டீல் ஸ்கேல். குழாயைத் தாங்க நான்கு பெயின்ட் டப்பா, உயரம் சரிக்கட்டப் பலகைத் துண்டுகள். லாக் நட்டுக்கும் (டை ராடு சுற்றாமல் பூட்டிவைக்கும் நட்டு) ராடுக்கும் சரியான ஸ்பேனர்கள். வெள்ளை பெயின்ட் பேனா. 30 செ.மீ சதுரத்தில் தகடு நான்கு, கொஞ்சம் கிரீஸ். துரு ஏறிய லாக் நட்டுக்கு முந்தின நாள் இரவே டீசலோ துரு விடுவிக்கும் ஸ்பிரேயோ அடித்து ஊறவையுங்கள்.

நூல் கட்டுவது

இரண்டு குழாய்களிலும் ஒரே இடைவெளியில், உதாரணமாக 1800 மி.மீயில், ரம்பத்தால் சிறு வெட்டுகள் போடுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒன்றாக வெட்டினால் பிசகாது. இந்த வித்தையின் உயிரே இங்கேதான். இடைவெளி ஒன்றாக இருந்தால் இரண்டு நூலும் தானாகவே இணையாக நிற்கும், நூலை நூலோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டியதில்லை.

முன் சக்கரங்களுக்குக் கீழே, இரண்டு தகடுகளுக்கு நடுவில் கிரீஸ் தடவி ஒன்றின்மேல் ஒன்றாக வையுங்கள். அதே கனத்துக்குப் பின் சக்கரங்களின் அடியிலும் ஏதாவது கொடுங்கள். காரை நேராக முன்னோக்கி ஓட்டி வந்து தகட்டின் மேல் நிறுத்துங்கள். ரிவர்ஸில் வந்து நிறுத்தினால் புஷ் எல்லாம் எதிர்ப்பக்கம் நெருங்கி அளவு மாறிவிடும். ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்குக் கல் அணைத்து, பானெட்டை நாலைந்து முறை அமுக்கிவிடுங்கள், சஸ்பென்ஷன் தன் இடத்தில் உட்காரும்.

ஸ்டீயரிங்கை நேராக வைத்து, சீட்டோடு கயிற்றால் கட்டுங்கள். சாவியை எடுத்தால் விழும் ஸ்டீயரிங் லாக்கை நம்ப வேண்டாம், பல கார்களில் அது நேர்நிலையில் பிடிப்பதில்லை.

குழாய்களைக் காருக்கு முன்னும் பின்னும் டப்பாக்கள் மேல் வைத்து, நூல் சக்கர நடுவின் உயரத்தில் ஓடும்படி கட்டுங்கள். நூல் பம்பரையோ டயரையோ தொடக்கூடாது. இப்போது பின் சக்கரம் இரண்டிலும் ஹப்பின் (சக்கரத்தின் மையப் பகுதி) நடுவிலிருந்து நூல் வரை அளந்து, இடமும் வலமும் சமமாகும்வரை பின் குழாயை நகர்த்துங்கள். பிறகு முன் ஹப்பில் அதேபோல் முன் குழாயை. முன்னதை நகர்த்தினால் பின்னது கொஞ்சம் மாறும், மறுபடி பின்னது, மறுபடி முன்னது. மூன்று நான்கு சுற்றில் அரை மி.மீக்குள் வந்துவிடும். முன் அளவும் பின் அளவும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. முன் சக்கரங்களின் இடைவெளியும் பின் சக்கரங்களின் இடைவெளியும் பல கார்களில் வேறு வேறு. இடமும் வலமும் சமமாக இருந்தால் போதும். அவசரப்படுகிறவர்கள் தவறு செய்வது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். முழு வேலைக்கு இரண்டு மணி நேரம் என்றால் ஒரு மணி நேரம் இதற்குப் போகட்டும்.

அளவைப் படிப்பது

ஒவ்வொரு முன் சக்கரத்திலும், ரிம்மின் முன் ஓரத்திலிருந்து நூல் வரையும், பின் ஓரத்திலிருந்து நூல் வரையும் அளக்க வேண்டும். டயரில் அளக்காதீர்கள். பக்கச் சுவரில் எழுத்தும் புடைப்பும் இருக்கும். ஸ்கேலைக் கிடைமட்டமாகப் பிடித்து, கண்ணை நூலுக்கு நேரே வைத்துப் படியுங்கள். நூல் ஸ்கேலைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும், தள்ளினால் அளவு கெட்டது.

நூல் வெளியே இருப்பதால், முன் ஓரத்து அளவு கூடுதலாக இருந்தால் அந்தச் சக்கரம் டோ-இன். பின் ஓரத்து அளவு கூடுதலென்றால் டோ-அவுட்.

13 இன்ச் ரிம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஓரத்திலிருந்து ஓரம் வரை 355 மி.மீ. இடச் சக்கரத்தில் முன் ஓரம் 133, பின் ஓரம் 131. அதாவது 2 மி.மீ டோ-இன். வலச் சக்கரத்தில் முன் ஓரம் 130.5, பின் ஓரம் 133.5. அதாவது 3 மி.மீ டோ-அவுட். கூட்டிக் கழித்தால் மொத்தம் 1 மி.மீ டோ-அவுட் மட்டும்தான். இரண்டு டயருக்கும் நடுவே டேப் பிடித்து முன்னும் பின்னும் அளப்பவர் ‘சரியாகத்தானே இருக்கிறது’ என்று விட்டுவிடுவார். ஆனால் இரண்டு சக்கரமும் வலப்பக்கம் பார்த்துக்கொண்டிருக்கின்றன. இந்தக் கார் நேராகப் போக வேண்டுமானால் ஓட்டுபவர் ஸ்டீயரிங்கை இடப்பக்கம் சுமார் 7 டிகிரி திருப்பிப் பிடித்திருக்க வேண்டும், கடிகாரத்தில் ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதல். டயர் பெரிதாகத் தேயாது, ஸ்டீயரிங் கோணலாக நிற்கும். நூலின் பலன் இதுதான்: மொத்தத்தை மட்டும் காட்டாமல், எந்தச் சக்கரம் எவ்வளவு தப்பியது என்பதைக் காட்டுகிறது.

ரிம் நெளிந்திருக்கிறது என்று முன்பே குறித்திருந்தால், ஒரு முறை அளந்தபின் சக்கரம் சரியாக அரைச் சுற்று சுற்றும்படி காரை முன்னோக்கித் தள்ளி நிறுத்தி, நூலை மறுபடி மையப்படுத்தி அளந்து, இரண்டின் சராசரியை எடுங்கள். நெளிவு ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும்.

மேனுவலில் டோ அளவு மி.மீயில் இருந்தால் அது டயர் விட்டத்துக்கா ரிம்முக்கா என்று பாருங்கள். நாம் எடுத்த உதாரணத்தில் ரிம்மில் 1 மி.மீ என்பது டயர் ஓரத்தில் 1.5 மி.மீ. டிகிரியில் இருந்தால், இந்த ரிம்முக்கு 0.1 டிகிரி என்பது 0.6 மி.மீ. முன்சக்கர இழுவைச் சிறு கார்கள் பலவற்றில் டோ பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும். பின்சக்கர இழுவை வண்டிகளில் சிறிது டோ-இன் வைப்பார்கள். ஓடும்போது தரையின் தடை முன் சக்கரங்களைப் பின்னே தள்ளி விரிக்கப் பார்க்கும், அதை ஈடுகட்டத்தான். உங்கள் காருக்கு மேனுவல் சொல்வதே அளவு.

டை ராடைத் திருப்புவது

திருப்பும் முன் ராடும் எண்டும் சேரும் இடத்தில் பெயின்டால் ஒரு கோடு போடுங்கள். எண்டின் வாய்க்கு வெளியே எத்தனை மரை தெரிகிறது என்று இரு பக்கமும் எண்ணி எழுதுங்கள். வழி தப்பினால் திரும்பி வர இதுதான் அடையாளம்.

ரப்பர் உறையின் சின்ன முனையில் உள்ள கிளிப்பைத் தளர்த்துங்கள். தளர்த்தாமல் ராடைச் சுற்றினால் ரப்பர் முறுக்கிக் கிழியும். எண்டை ஒரு ஸ்பேனரால் பிடித்து, இன்னொன்றால் லாக் நட்டை விடுங்கள். பிறகு ராடின் தட்டையான இடத்தில் ஸ்பேனர் போட்டுத் திருப்புங்கள். இடம் வலம் திசைக் குழப்பம் வேண்டாம். மரை அதிகம் தெரிந்தால் ராடு நீளுகிறது, குறைந்தால் குறுகுகிறது, அதை மட்டும் பாருங்கள்.

டை ராடு சக்கர மையத்துக்குப் பின்னால் இருக்கும் கார்களில் ராடை நீட்டினால் சக்கரத்தின் பின்பக்கம் வெளியே தள்ளப்பட்டு டோ-இன் கூடும், குறுக்கினால் டோ-அவுட். ராடு மையத்துக்கு முன்னால் இருந்தால் எல்லாம் நேரெதிர். படுத்து ஒரு முறை பார்த்துவிட்டே தொடங்குங்கள்.

மரையின் இடைவெளி 1.25 அல்லது 1.5 மி.மீயாகவும் ஸ்டீயரிங் ஆர்ம் (டை ராடு பிடித்துச் சக்கரத்தைத் திருப்பும் கை) நீளம் 120 மி.மீ போலவும் இருந்தால், கால் சுற்றுக்கு ரிம்மில் ஏறக்குறைய 1 மி.மீ மாறும். மேலே சொன்ன காரில் ராடு பின்னால் என்றால், இட ராடை அரைச் சுற்றுக் குறுக்கி, வல ராடை முக்கால் சுற்று நீட்ட வேண்டிவரும். ஒரே மூச்சில் திருப்பிவிடாதீர்கள். பாதி திருப்பி, பானெட்டை அமுக்கி, அளந்து பார்த்து, மீதியைத் திருப்புங்கள்.

லாக் நட்டை இறுக்கும்போது ராடும் கூடவே சுற்றும். அதைத் தட்டையான இடத்தில் பிடித்துக்கொண்டே மேனுவலில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள். எண்டின் பந்து மூட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து முட்டாமல் நடுவில் நிற்க வேண்டும். இறுக்கிய பிறகு மறுபடி அளக்காமல் நூலை அவிழ்க்கவே கூடாது. ‘இறுக்கும் முன் சரியாக இருந்தது’ என்பது சரியான அளவு ஆகாது. ரப்பர் உறையின் கிளிப்பை மாட்டி, காரை முன்னே பின்னே ஓட்டி மறுபடி தகட்டின் மேல் கொண்டுவந்து இன்னொரு முறை அளந்து பாருங்கள். இரண்டு முறையும் அரை மி.மீக்குள் ஒத்துப்போனால் உங்கள் அளவை நம்பலாம். ஒத்துப்போகவில்லையென்றால் ராடைத் தொடாதீர்கள், அளக்கும் முறையில்தான் எங்கோ தவறு.

ஸ்டீயரிங் வீலைக் கழற்றி ஒரு பல் மாற்றிப் போட்டு நேராக்கும் குறுக்குவழியைச் சிலர் சொல்வார்கள். அதைச் செய்யவே வேண்டாம். உள்ளே ஏர்பேக் இருக்கிறது, அதன் சுருள் வயர் இருக்கிறது. அதோடு சக்கரங்கள் கோணலாகவேதான் நிற்கும்.

கேம்பரைத் திருத்த முடியாவிட்டாலும் சோதித்து வைத்துக்கொள்ளலாம். ஃபெண்டரிலிருந்து தூக்குக்குண்டு தொங்கவிட்டு, ரிம்மின் மேல் ஓரத்துக்கும் கீழ் ஓரத்துக்கும் நூலிலிருந்து உள்ள தூரத்தை அளங்கள். இந்த ரிம்மில் 6 மி.மீ வித்தியாசம் ஒரு டிகிரிக்குச் சமம். இடமும் வலமும் 3 மி.மீக்கு மேல் வேறுபட்டால், ஏதோ ஒன்று வளைந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்புங்கள்.

கடைக்குப் போக வேண்டியவை

குழியில் விழுந்து ‘டமார்’ என்ற பிறகு ஸ்டீயரிங் கோணலானால் நூல் கட்டி நேராக்க வேண்டாம். லோயர் ஆர்மோ, ஷாக் அப்சார்பரைக் கொண்ட தூணான ஸ்ட்ரட்டோ வளைந்திருக்கலாம். டை ராடால் அதை மறைத்தால் டோ சரியாகத் தெரியும், கார் மலை இறக்கத்தில் வேறு மாதிரி நடந்துகொள்ளும். விபத்தில் அடிபட்ட வண்டி, பின்னால் மல்டி-லிங்க் சஸ்பென்ஷன் (ஒவ்வொரு சக்கரத்தையும் பல கைகள் பிடிக்கும் அமைப்பு) உள்ள வண்டி, கண்ணாடிக்குப் பின்னால் கேமரா வைத்து லேனைப் பார்க்கும் வண்டி ஆகியவற்றுக்கும் கடைதான். காஸ்டரை அளக்கச் சக்கரத்தை இருபுறமும் 20 டிகிரி அளவுக்குத் துல்லியமாகத் திருப்ப வேண்டும், அதற்குச் சுழல் தட்டு தேவை. பின் அச்சு கோணலாக நின்று காரை நண்டு போல ஓட்டும் த்ரஸ்ட் ஆங்கிளையும் அங்கேதான் நம்பிக்கையாகப் பார்க்க முடியும்.

கடை என்றாலே சரியாகிவிடும் என்றும் இல்லை. நல்ல கடையில் சக்கரத்தில் கிளாம்ப் மாட்டியதும் காரைக் கொஞ்சம் முன்னே பின்னே உருட்டி ரிம் நெளிவைக் கழிப்பார்கள். முன் சக்கரத்தின் சுழல் தட்டில் இருக்கும் பின்னை எடுத்திருக்கிறார்களா என்று நீங்களே பாருங்கள். எடுக்காவிட்டால் டயர் தரையைப் பிடித்துக்கொண்டு அளவு பொய்யாகும். ஸ்டீயரிங்கைப் பிடிக்கும் கம்பியை நேராக வைத்துத்தான் மாட்டினார்களா என்பதையும் பாருங்கள். திருத்தும் முன் ஒன்று, திருத்திய பின் ஒன்று, இரண்டு பிரின்ட்டும் கேளுங்கள். பின்னதை மட்டும் தந்தால் என்ன மாறியது என்று தெரியாது.

திரையில் எல்லாம் பச்சையாக இருப்பது மட்டும் போதாது. பச்சை என்பது ஒரு வரம்பு. இடக் கேம்பர் ஒரு முனையிலும் வலக் கேம்பர் மறுமுனையிலும் இருந்தால் இரண்டும் பச்சை காட்டும், வண்டி இழுக்கும். ஆகவே இடம் வலம் வித்தியாசத்தைப் படியுங்கள்.

‘கேம்பர் அவுட், வளைத்துச் சரிசெய்கிறோம்’ என்று ஹைட்ராலிக் ஜாக்கி கொண்டுவந்தால் ஒரு நிமிடம் நிறுத்துங்கள். ஏன் அவுட் ஆனது என்று கேளுங்கள். புஷ் போயிருக்கிறதா, ஆர்ம் வளைந்திருக்கிறதா, ஸ்ட்ரட்டும் நக்கிளும் (சக்கர ஹப்பைத் தாங்கும் உறுப்பு) சேரும் போல்ட்டில் உள்ள சிறு இடைவெளியைப் பயன்படுத்தினால் போதுமா என்று பார்க்காமல் நல்ல ஸ்ட்ரட்டை வளைக்கச் சம்மதிக்காதீர்கள்.

செலவில் பார்த்தால், சிறிய காருக்கு ஒரு முறை அலைன்மென்ட் சில நூறு ரூபாய்தான். வருடத்துக்கு ஒரு முறை வண்டி எடுப்பவருக்கு நூல், குழாய், தகடு எல்லாம் சேர்ப்பது லாபமில்லை. மலைப்பாதையில் அன்றாடம் ஓடுபவருக்கும், டை ராடு எண்டைத் தானே மாற்றுபவருக்கும்தான் வீட்டு முறை நிஜமாகப் பயன்படும். எண்டு மாற்றிய அன்றே டோவைச் சரிக்கட்டிக்கொண்டு, டயர் தேயாமல் கடைவரை போய்ச் சேரலாம். நம் கருத்து: டோவை வீட்டில் 5,000 கி.மீக்கு ஒரு முறை பாருங்கள், புது டயர் போட்டாலோ சஸ்பென்ஷன் உறுப்பு மாற்றினாலோ கடையில் முழு அளவும் எடுங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது

சோதனை ஓட்டத்துக்கு மலை ஏற வேண்டாம். தென்காசியிலிருந்து கடையநல்லூர் பக்கம் நேராக, சமமாக உள்ள துண்டு ஒன்றை, வாகன நெரிசல் இல்லாத நேரத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் 30 கி.மீ வேகத்தில் பிரேக் அடித்துப் பாருங்கள், பிறகு 60. கையை ஸ்டீயரிங்கிலிருந்து எடுக்காமல் பிடியை மட்டும் தளர்த்துங்கள். சாலையின் நடு உயர்ந்து ஓரம் தாழ்ந்திருப்பதால், இடப்பக்கம் ஓடும் நம் வண்டிகள் மெதுவாக இடப்புறம் சரிவது இயல்பு. சட்டென்று இழுத்தால்தான் கோளாறு. ஆடிக்காற்று மேற்கிலிருந்து குறுக்கே அடிக்கும் நாளில் வடக்கு தெற்காகப் போகும் இந்தச் சாலையில் எடுத்த முடிவை நம்பாதீர்கள். போன வழியே திரும்பியும் ஓட்டிப் பார்த்து, இரு திசையிலும் காரின் ஒரே பக்கம் இழுக்கிறதா, காற்று தள்ளும் பக்கம் போகிறதா என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் லாக் நட்டில் நட்டையும் ராடையும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு போட்டு வையுங்கள். 500 கி.மீ கழித்துக் குனிந்து பார்க்கும்போது கோடு உடையாமல் ஒரே நேர்கோடாக இருக்க வேண்டும். உடைந்திருந்தால் நட்டு தளர்ந்திருக்கிறது, அன்றே மறுபடி அளந்து இறுக்குங்கள். அப்படியே உள்ளங்கையை டயரின் குறுக்கே இரு திசையிலும் ஒரு முறை இழுத்துப் பார்த்து, அன்றைய கிலோமீட்டரையும் நான்கு அளவுகளையும் ஆர்.சி புத்தகத்தோடு இருக்கும் ஒரு தாளில் எழுதிவையுங்கள்.